பதிமூன்றாவது பிள்ளை

காலை ஆறு மணிக்கு ஸ்ரீலக்ஷ்மியிடமிருந்து போன் வந்ததும், அவள் மகன் கிரீஷ் இன்றைக்கும் வரமாட்டான் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று முத்துமீனா நினைத்தாள். திங்கள்கிழமை சாயங்காலம் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன பையன். செவ்வாயும் புதனும் வரவில்லை.

"சொல்லுங்க மேடம். தம்பிக்குச் சளி தேவலையா?"

"மீனாக்கா, அவனுக்குப் பாசிட்டிவ். நேத்து ராத்திரிதான் ரிசல்ட் வந்தது."

அடுப்பில் பிள்ளைகளுக்கான பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. முத்துமீனா அடுப்பை அணைத்தாள்.

"காய்ச்சல் நூறைத் தாண்டல. விளையாடிக்கிட்டுத்தான் இருக்கான்," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "உங்ககிட்ட சொல்ல வேண்டாம், சாதாரணக் காய்ச்சல்னு சொல்லி ரெண்டு வாரம் வீட்டுலயே வெச்சுக்கலாம்னு எங்க வீட்டுக்காரர் ஸ்ரீகுமார் சொன்னார். உங்க காப்பகம் இப்பத்தானே திறந்தது, அதைக் கெடுக்கணுமான்னு அவருக்கு. எனக்கு மனசு கேக்கல. பசுபதி சார் வீட்டுக் கைக்குழந்தை முகமே கண்ணு முன்னாடி நின்னுது."

"நல்ல காரியம் பண்ணீங்க மேடம். தம்பியைப் பாத்துக்கங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

போனை வைத்துவிட்டு முத்துமீனா பிள்ளைகளின் பெயர் நோட்டை எடுத்தாள்.

நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், தன் வீட்டின் முன்பாதியையே குழந்தைகள் காப்பகமாக்கியவள் அவள். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுத்தான் அவளைப் படிக்கவைத்தார்கள். கணவன் ராஜபாண்டி பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குகிறவன். கொரோனா வந்து ஒன்றரை வருஷம் பூட்டிக் கிடந்த இடம், காப்பகங்கள் நடத்தலாம் என்று அரசாங்கம் சொன்ன பிறகு திறந்து இன்றோடு ஐந்து வாரம்.

சித்திரை மாதத்தில் ராஜபாண்டிக்கே தொற்று வந்ததையும், அன்று கேட்டில் அறிவிப்புத் தாளை ஒட்டியது யார் என்பதையும் முந்தைய வாரங்களில் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒட்டியது அவன் உடன்பிறந்த தங்கை முத்துச்செல்வி. சுகாதார நிலையத்தில், நோய் வந்தவர்களோடு பழகியவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை அவளுக்கு. "எழுதாம விட்டுரு, நாங்க உள்ளயே இருந்துக்கிறோம்," என்று முத்துமீனா கெஞ்சினாள். செல்வி எழுதினாள். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காத," என்றாள் முத்துமீனா. ஆறு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

ராஜபாண்டி குளித்துவிட்டு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் துண்டோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"வேனை எடுக்கவேணாம். எல்லாருக்கும் நான் சொல்லிர்றேன்," என்றாள் முத்துமீனா.

"சொன்னா மறுபடி வருவாகளா?"

"தெரியல."

ஏழு மணிக்குள் பதினோரு வீடுகளுக்கும் பேசினாள். சிலர் பயந்தார்கள். சிலர் அமைதியாகக் கேட்டுக்கொண்டு நன்றி சொன்னார்கள். பிரியம்வதா என்கிற வங்கி அதிகாரி, டெஸ்ட் எங்கே எடுப்பது என்று மட்டும் கேட்டாள். பத்து மாதக் குழந்தையின் அப்பாவான பசுபதி மட்டும் விடவில்லை.

"தினமும் காய்ச்சல் பாக்குற மெஷினை நெத்தியில நீட்டுனீங்களே, அது எதுக்கு?"

"திங்கக்கிழமை காலையில அந்தத் தம்பிக்குக் காய்ச்சல் இல்லீங்க சார். சாயங்காலம் சளி பிடிச்சிருந்துச்சு. அன்னைக்கே வீட்டுல சொல்லியும் அனுப்புனேன்."

"நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போறவங்க. உங்களை நம்பித்தானே விட்டோம்?"

"ஆமா சார்," என்றாள். அவன் போனை வைத்துவிட்டான்.

எட்டு மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்த ராஜபாண்டி மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"செல்வி வந்துருக்கா."

முத்துமீனா எழுந்திருக்கவில்லை. "வேற ஆளே இல்லையாமா அங்க?"

"இந்த ஏரியா அவளுதுதான. வேற யாரு வருவா?"

* * *

செல்வி கேட்டுக்கு உள்ளே வந்தாள், படி ஏறவில்லை. இரட்டை முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. கண்களைச் சுற்றிக் கறுப்பு விழுந்திருந்தது. வராண்டா விளிம்பில் படிவத்தை வைத்து, நின்றபடியே எழுதினாள்.

"கிரீஷுங்கிற பையன் கடைசியா எப்ப வந்தான்?"

கேள்வி பொதுவாக வந்தது. மதினி என்றோ அண்ணே என்றோ யாரையும் கூப்பிட்டு அவள் கேட்கவில்லை.

"திங்கக்கிழமை," என்றாள் முத்துமீனா.

"காய்ச்சலுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியிலருந்து பாக்கணும். சனிக்கிழமை வந்தானா?"

"வந்தான்."

"சனியும் திங்களும் இங்க இருந்த பெரியவுக?"

"நானு, உங்கண்ணன், சமைக்கிற மலையம்மாக்கா."

"அவுகளுக்குச் சுகர் இருக்குல்ல? அவுகளுக்குக் கண்டிப்பா எடுத்துருவோம். தூங்குறப்ப கிரீஷுக்குப் பக்கத்துல யாரு படுப்பா? யாரோட ஒண்ணா உக்காந்து சாப்பிடுவான்?"

முத்துமீனா ஒவ்வொன்றாகச் சொன்னாள். செல்வி நிதானமாக எழுதினாள். வேனில் யாருக்குப் பக்கத்தில் யார், எந்த ஜன்னல் திறந்திருக்கும், கைகழுவும் இடத்தில் எத்தனை குழாய் என்று எதையும் விடவில்லை. நானூறு வீடுகளுக்கு மேல் ஏறி இறங்கியவளின் கேள்விகள் அவை.

"மொத்தம் எம்புட்டுப் பிள்ளைக?"

முத்துமீனா கூடத்துக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பன்னெண்டு."

"கிரீஷைச் சேத்தா?"

"சேத்து."

ராஜபாண்டி தரையைப் பார்த்தான்.

பன்னிரண்டு பேருக்குத்தான் அனுமதி. இடைவெளி விட்டுப் பாய் போட அதற்குமேல் இடம் போதாது என்று, பார்வையிட வந்த அதிகாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு பிள்ளை கூடினாலும் அனுமதி போய்விடும் என்றும் சொன்னார். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்பு சங்கிலி வந்து கேட்டின் முன்னால் நின்றான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுகிறவன். மனைவி ராமக்காளுக்கு ஒன்பதாம் மாதம். ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டரை வயதுப் பேச்சியைப் பகலில் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. முத்துமீனா வாங்கிக்கொண்டாள். பெயர் எந்த நோட்டிலும் ஏறவில்லை.

அந்தப் பேச்சிக்கும் கிரீஷுக்கும் அப்படி ஒரு சிநேகம். ஒரே தட்டில்தான் சாப்பிடுவார்கள். செவ்வாய்க்கிழமை காலை ராமக்காளைப் பிரசவத்துக்கு அவள் ஆத்தா வீட்டுக்கு அழைத்துப் போகிறேன், பேச்சியும் கூட வருகிறாள் என்று சங்கிலி சொல்லிவிட்டுப் போனான். எந்த ஊர் என்று முத்துமீனா கேட்டுக்கொள்ளவில்லை.

செல்வி படிவத்தை மடித்தாள். "சாயங்காலம் நாலு மணிக்கு இங்கயே கேம்ப் போடுறோம். எல்லா வீட்டுலயும் பிள்ளையைக் கூட்டிட்டு வரச் சொல்லிருங்க. நீங்க மூணு பேரும் அவுகவுக வீட்டை விட்டு வெளிய போகக்கூடாது."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும் வரை ராஜபாண்டி பார்த்துக்கொண்டு நின்றான்.

"பேச்சி?" என்றான் பிறகு.

"அவதான் ஊருலயே இல்லையே."

"திங்கக்கிழமை இருந்தாள்ல. அவ ஆத்தா நிறைமாசக்காரி மீனா. தடுப்பூசிகூடப் போடல."

"எனக்குத் தெரியாதா? சங்கிலிக்கு நாலு தடவை அடிச்சிட்டேன். போனு சுவிட்ச் ஆஃப்."

"நம்மளால தேட முடியாது. வெளிய கால வெக்கக்கூடாது. தேடுறதுதான் செல்வி வேலை."

"சொன்னா நாளைக்கே பூட்டிருவாக. உங்க தங்கச்சி ஒண்ணையும் மறைக்கமாட்டா. சித்திரையில பாத்தேன்ல." முத்துமீனாவுக்குக் குரல் உயர்ந்தது. "மலையம்மாக்கா எங்க போவா? நாம எங்க போவோம்?"

ராஜபாண்டி எழுந்து போய் வேன் சாவியைச் சுவர் ஆணியில் மாட்டினான். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

காப்பகக் கூடத்துக்குள் போனாள். பிள்ளைகள் இல்லாத கூடம் பெரிதாகத் தெரிந்தது. ஸ்ரீலக்ஷ்மிக்கு ஏன் மனசு கேட்காமல் போனது என்று யோசித்தாள். ஸ்ரீகுமார் சொன்னதுபோல் சொல்லாமல் இருந்திருந்தால், இந்நேரம் பசுபதியின் குழந்தையை முத்துமீனா இடுப்பில் வைத்திருப்பாள். மலையம்மாள் ஒவ்வொருவருக்கும் ஊட்டிக்கொண்டிருப்பாள். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

ராமக்காளுக்கும் இப்போது எதுவும் தெரியாது.

ஆறு மாதமாக அழுத்தாத எண் அது. அழிக்காமல்தான் வைத்திருந்தாள்.

"செல்வி, நான் மீனா பேசுறேன்."

எதிர்முனையில் வண்டிகளின் இரைச்சல். செல்வி ஸ்கூட்டரை ஓரம் கட்டுவது தெரிந்தது.

"சொல்லுங்க மதினி."

"பன்னெண்டு இல்ல. பதிமூணு."

சொல்லி முடிக்கும்வரை செல்வி குறுக்கே பேசவில்லை. ஏன் மறைத்தாய் என்று கேட்பாள் என முத்துமீனா காத்திருந்தாள்.

"பிள்ளைக்கு என்ன வயசு சொன்னீக? ரெண்டரையா? ஆத்தாளுக்கு எத்தனாவது மாசம்?"

"ஒம்பது."

"கொதிப்பு இருக்கு. ஊசி போடல," என்று சொல்லிக்கொண்டே எழுதினாள் செல்வி. "ஊரு மட்டும் தெரிஞ்சாப் போதும். நான் போறேன். அண்ணனைக் கேட்டுப் பாக்கச் சொல்லுங்க, அவருக்குத்தான் மார்க்கெட்டு பூராம் ஆளு இருக்கே."

* * *

ராஜபாண்டி வேன் வாங்குவதற்கு முன்னால் எட்டு வருஷம் மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டியவன். வீட்டை விட்டு நகரக்கூடாது என்றாலும் போன் இருந்தது. திண்டுக்கல் ரோஜாக்காரரிடம் ஆரம்பித்தான். அவர் மல்லிகைக் கடைக்காரரைச் சொன்னார். மல்லிகைக் கடைக்காரர், மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு மேஸ்திரி அழகுமலையைச் சொன்னார்.

"அழகுமலை அண்ணே, ராஜபாண்டி பேசுறேன்."

"மாப்ள, உயிரோடதான் இருக்கியா? சத்தத்தையே காணோம்."

"சங்கிலி எங்கண்ணே இருக்கான்?"

"அவன் லோடோட தூத்துக்குடி போயிருக்கான். போனைத் தண்ணித் தொட்டிக்குள்ள போட்டுட்டான். நாளைக்கு விடியத்தான் வருவான், வளைகாப்புக்கு."

"யாருக்கு வளைகாப்பு?"

"அவன் பொண்டாட்டிக்குத்தான். மார்க்கெட்டுல எல்லாத்தையும் கூப்பிட்டிருக்கான். உன்னையக் கூப்பிடலையா?"

ராஜபாண்டி எழுந்து நின்றுவிட்டான். "எந்த ஊருலண்ணே?"

அழகர்கோவிலுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், மாந்தோப்பை ஒட்டிய காலனி. மாமியார் பெயர் ரெங்கம்மாள். அழகுமலை அடையாளம் சொல்லச் சொல்ல ராஜபாண்டி அதை அப்படியே தங்கைக்குச் சொன்னான்.

"செல்வி, நாளைக்கு அங்க அறுபது எழுபது பேரு கூடுறாகளாம்."

"அண்ணே, நான் டவுனைத் தாண்டிட்டேன். நீ சொல்லுவேன்னு தெரிஞ்சு அழகர்கோவில் ரோட்டுலதான் போய்க்கிட்டு இருக்கேன்," என்றாள் செல்வி. உண்மையில் அந்தப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் முன்பு அவள் வேலை பார்த்தவள். ராமக்காளின் பேறுகால அட்டையைத் தேடச் சொல்லி அங்கேயும் பேசிவைத்திருந்தாள். அதில் எழுதியிருந்த முகவரியில் அழகர்கோவில் ரோடு என்று மட்டும் இருந்தது.

* * *

காலனியில் பந்தல் பாதி ஏறியிருந்தது. வாடகைப் பாத்திரங்கள் வந்து இறங்கியிருந்தன. செல்வி ஸ்கூட்டரை நிறுத்தி, அடையாள அட்டை தெரியும்படி சட்டைக்கு மேலே எடுத்துவிட்டுக்கொண்டாள். அந்தப் பகுதி நர்ஸ் அவளுக்கு முன்பே வந்து வேப்பமரத்தடியில் காத்திருந்தாள்.

ராமக்காள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்து மூன்று வயதிருக்கும். கால்கள் வீங்கியிருந்தன. பேச்சி அவள் மடியில் தலைவைத்துத் தூங்கினாள். பதினோரு மணிக்குத் தூங்குகிற வயதில்லை அது. செல்வி அதைக் கவனித்தாள்.

"பேச்சி போன காப்பகத்துல கிரீஷுன்னு ஒரு பையன். அவனுக்குக் கொரோனா," என்றாள் சுற்றிவளைக்காமல்.

ரெங்கம்மாள் முன்னே வந்துவிட்டாள். "நாளைக்கு என் மகளுக்கு வளைகாப்பு. நீ யாரு தாயி, நல்ல நாளும் அதுவுமா வந்து இதைச் சொல்ற? இங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"இருக்குன்னு நான் சொல்லல. இல்லைன்னு பாத்துட்டுப் போறேன். அம்புட்டுத்தான்."

"பந்தலு போட்டாச்சு. மாமன் மச்சான் எல்லாத்துக்கும் சொல்லியாச்சு. அவுக மூஞ்சியில நாங்க எப்படி முழிப்போம்?"

ராமக்காள் செல்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மீனாக்கா உங்களை அனுப்பிச்சாகளா?"

"அவுகதான் போன் பண்ணிச் சொன்னாக."

"பேரு எழுதுனா காப்பகத்தை மூடிருவாக, யாருகிட்டயும் சொல்லிறாதன்னு சொல்லியிருந்தாகளே."

"ஆமா. இன்னைக்கு அவுகளே எழுதச் சொல்லிட்டாக."

ராமக்காள் மடியில் இருந்த பிள்ளையின் முதுகைத் தடவினாள்.

"நேத்து பொழுது சாஞ்சதுலருந்து பிள்ளைக்கு உடம்பு காயுது," என்றாள். "ஆத்தாகிட்ட சொல்லல. சொன்னா விசேஷத்தை நிப்பாட்டிருவாகன்னு. கல்யாணத்துக்கும் எனக்குப் பந்தலு போடல, கோயில்ல வெச்சுக் கட்டிக்கிட்டோம். பேச்சி வயித்துல இருக்கையிலயும் வளைகாப்பு வெக்கல. இதாவது நடக்கட்டும்னு நெனச்சேன்."

ரெங்கம்மாள் மகளைப் பார்த்தாள், பேத்தியைப் பார்த்தாள். இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல?" என்றாள். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமிருந்தது.

"பந்தலைப் பிரிக்கச் சொல்லுத்தா," என்றாள் ராமக்காள்.

செல்வி திரும்பி நின்றுகொண்டாள். இத்தனை மாதங்களில் கதவைச் சாத்தியவர்கள் உண்டு, வைதவர்கள் உண்டு. அவர்கள் முன்னால் அவள் கண் கலங்கியதில்லை.

நர்ஸ் ராமக்காளின் விரலில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவியை மாட்டினாள். தொண்ணூற்றெட்டு காட்டியது. கொதிப்பும் முன்பைவிடக் குறைந்திருந்தது. நடமாடும் பரிசோதனை வண்டி வந்து மூன்று பேருக்கும் மூக்கில் மாதிரி எடுத்தது. நிறைமாதக்காரி என்பதால் சுகாதார நிலைய டாக்டரம்மா ஆய்வகத்துக்குப் பேசி, அவசரம் என்று குறித்து அனுப்பினார். பந்தல்காரர் முதலில் முணுமுணுத்தார். பிறகு, குழந்தை பிறந்து பெயர் வைக்கும்போது தானே வந்து கட்டித்தருவதாகச் சொல்லிவிட்டுக் கம்புகளை ஏற்றினார்.

* * *

நாலு மணிக்குக் காப்பகத்தின் முன்முற்றத்தில் மேசை போட்டார்கள். ராஜபாண்டி உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும் வரமாட்டாக மீனா. தனியார் லேபுல எடுத்துக்கிருவாக."

முதலில் வந்தது பசுபதி. தோளில் பத்து மாதக் குழந்தை. மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். குழந்தை வீறிட்டது. பசுபதிக்கும் முகம் சுருங்கியது. எழுந்து போகும்போது வாசல் ஜன்னலருகே நின்றான்.

"காலையில ரொம்பப் பேசிட்டேன்."

"பிள்ளைக்காகப் பேசுனீங்க. அதுல என்ன சார்," என்றாள் முத்துமீனா கம்பிக்கு உள்ளேயிருந்து.

"முன்னாடி இவளை ஒருத்தங்க வீட்டுல விட்டிருந்தோம். அங்க ஒரு அம்மாவுக்கு வந்து, பத்து நாள் கழிச்சுத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. நீங்க விடிஞ்சதும் சொல்லிட்டீங்க. வீட்டுல அவதான் சொன்னா, அதை யோசிச்சுப் பாருன்னு."

அவன் அதற்குமேல் சொல்லவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே நடந்தான்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பிரியம்வதாவின் மகள் அழாமல் எடுத்துக்கொண்டு, எனக்கு இன்னொரு தடவை எடுங்கள் என்று கேட்டதில் பரிசோதகர்கூடச் சிரித்துவிட்டார். மலையம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். ஐந்தரைக்குள் பதினோரு பிள்ளைகளும் முடிந்தார்கள். ஒருவர்கூட விட்டுப்போகவில்லை.

செல்வி அழகர்கோவில் ரோட்டிலிருந்து நேராக வந்திருந்தாள். எல்லோரும் போன பிறகு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள்.

"பதிமூணுன்னு எழுதிட்டேன் மதினி. அது மேல போகும். காப்பகத்தைப் பாக்குற அதிகாரி நாளைக்குப் பத்து மணிக்கு வருவாக."

"எழுதத்தான் சொன்னேன்."

"நீங்களா முன்வந்து சொன்னீகன்னும் எழுதியிருக்கேன். அதுனாலதான் எழுபது பேரு கூடுறதை நிப்பாட்ட முடிஞ்சுதுன்னு டாக்டரம்மாவும் கையெழுத்துப் போட்டுருக்காக. அதுக்கு மேல எங்கையில இல்ல."

முத்துமீனா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சித்திரையில நீ செஞ்சதை நான் இன்னைக்குக் காலையிலதான் செஞ்சேன். அப்ப உனக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் நெனச்சே பாக்கல, செல்வி."

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்கு வீட்டுக்குப் போயி நானும் சாப்பிடல மதினி. அண்ணன் பேரை எழுதுறப்ப எழுத்தே கோணிப்போச்சு."

ராஜபாண்டி உள்அறையில் எதையோ தேடுவதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

ஆறரை மணிக்குச் செல்வியின் போன் அடித்தது. அவள் கேட்டுக்கொண்டே, கையிலிருந்த தாளின் பின்பக்கத்தில் குறித்தாள். முத்துமீனா அவள் கண்களையே பார்த்தாள்.

"ராமக்காளுக்கு நெகட்டிவ். அவுக ஆத்தா ரெங்கம்மாளுக்கும் நெகட்டிவ்," என்றாள் செல்வி. "பேச்சிக்குப் பாசிட்டிவ். லேசுதான், பயப்பட ஒண்ணும் இல்லைன்னு டாக்டரம்மா சொல்றாக. ஆனா ஆத்தாளையும் பிள்ளையையும் இன்னைக்கே பிரிக்கணும். பெரியாஸ்பத்திரி பிள்ளைக வார்டுல சேக்கலாம்னா கூட இருக்க ஆளு வேணும். ரெங்கம்மாளுக்கு இளைப்பு. சங்கிலி நாளைக்கு வந்தாலும் அவனையும் டெஸ்ட் பண்ணணும்."

"இங்க கொண்டுவா."

"மதினி."

"நான் எப்படியும் பதினாலு நாளு வெளிய போகமுடியாது. ரெண்டு ஊசியும் போட்டுட்டேன். மூணு வாரமா என் கையிலதான் சாப்பிட்டா. கூடம் காலியா கெடக்கு. டாக்டரம்மாகிட்ட கேளு."

"நாளைக்கு அதிகாரி வர்றப்ப அந்தப் பிள்ளை இங்க இருந்தா, என்ன ஆகும்னு யோசிச்சீகளா?"

"யோசிச்சேன். ரெண்டரை வயசுப் பிள்ளையை யாருமில்லாத வார்டுல விட்டுட்டு நான் பன்னெண்டுதான்னு கணக்கு காட்டமுடியாது. நீ கேளு."

செல்வி கேட்டாள். டாக்டரம்மா நிறைய கேள்விகள் கேட்டார். தனிக் கழிப்பறை இருக்கிறதா, காற்று வருமா, ராஜபாண்டி உள்பகுதியில் தனியாக இருப்பானா, காய்ச்சல் கூடினால் உடனே கூப்பிடுவார்களா. எல்லாவற்றுக்கும் செல்வியே பதில் சொன்னாள். அந்த வீட்டின் ஒவ்வொரு அறையும் அவளுக்குத் தெரியும். கடைசியில் டாக்டரம்மா சரி என்றார். நாள்தோறும் இரண்டு முறை செல்வி வந்து பார்க்க வேண்டும் என்றார்.

ஆம்புலன்ஸ் வந்தபோது தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. அக்கம்பக்கத்து மாடிகளில் சிலர் எட்டிப் பார்த்தார்கள். முத்துமீனா முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். பின்கதவு திறந்தது. துணிப்பை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பேச்சி உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். மூடியிருந்த முகத்தைப் பார்த்து யாரென்று தெரியாமல் பின்னால் நகர்ந்தாள்.

"பேச்சிக்குட்டி. அத்தைடா. இறங்குறியா?"

குரலைக் கேட்டதும் பேச்சி அவள் கண்களைக் கூர்ந்து பார்த்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

தூக்கிக்கொண்டு உள்ளே வரும்போதுதான் உடம்பின் சூடு தெரிந்தது. முத்துமீனா பாயை விரித்து, மருந்து கொடுத்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். பேச்சி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"கிரீஷு எங்க?"

"அவனும் வீட்டுல படுத்திருக்கான். ரெண்டு பேருக்கும் சரியானதும் வருவான்."

ஸ்ரீலக்ஷ்மிக்கு வீடியோ கால் போட்டுக் காட்டலாம் என்று போனை எடுத்தபோது, அது அடித்தது. தெரியாத எண்.

"முத்துமீனாவா? காப்பகங்கள் பிரிவுல இருந்து பேசுறேன்," என்றது ஒரு பெண் குரல். கண்டிப்பான குரல். "உங்க ரிப்போர்ட் வந்திருக்கு. அனுமதி பன்னிரண்டு, இருந்தது பதிமூணு. அந்தக் கூடுதல் குழந்தை இப்ப எங்க இருக்கு?"

முத்துமீனா மடியில் கிடந்த பேச்சியைப் பார்த்தாள்.

"இங்கதான் இருக்கா மேடம். எங்கிட்ட."

எதிர்முனையில் காகிதம் புரளும் ஓசை கேட்டது.

"பத்து மணி வேண்டாம். நான் எட்டு மணிக்கே வர்றேன்."

"வாங்க மேடம்," என்றாள் முத்துமீனா. "எத்தனை மணிக்கு வந்தாலும் வீட்டுலதான் இருப்பேன்."